ஸ்க்ரூ தெரியாத கூரை: வாசகர் கேள்வி-பதில்

ஷெட் கூரை பற்றி வந்த கேள்விகளில், ஷீட்டைத் துளைக்காமல் கிளிப்பால் பிடித்து நிறுத்தும் கூரை தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். அழுத்திப் பூட்டும் வகையைக் கடைத்தெருவில் கிளிப் ஷீட் என்கிறார்கள். ஓரங்களைச் சேர்த்து மடிக்கும் வகைக்கு ஸ்டாண்டிங் சீம் என்று பெயர். அதே பெயர்களையே இங்கும் பயன்படுத்துகிறோம்.

கேள்வி: பனியன் தையல் யூனிட்டுக்கு 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் புது ஷெட் போடுகிறோம். பழைய ஷெட்டில் ஸ்க்ரூ அடித்த ஷீட் ஐந்தாவது மழைக்காலத்திலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. துருத் தண்ணீர் சொட்டித் துணி வீணாகிறது. கிளிப் ஷீட் போட்டால் ஒழுகவே ஒழுகாது என்கிறார் ஃபேப்ரிகேட்டர். நம்பலாமா? (வாசகர், பல்லடம்)

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

பழைய ஷெட் ஏன் ஒழுகியது? 60-க்கு 30 ஷெட்டில் ஒரு மீட்டர் கவர் (ஒரு ஷீட் மூடும் அகலம்) உள்ள ஷீட் பக்கத்துக்கு 60 வரும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் ஒவ்வொன்றிலும் ஷீட்டுக்கு 4 ஸ்க்ரூ, பக்கத்துக்கு 11 பர்லின், இரண்டு பக்கம் என்றால் மொத்தம் 5,280 துளை. மழை படும் முகத்தில் இத்தனை துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வாஷரைக் காவல் வைக்கிறோம். ஷீட்டோ சும்மா கிடப்பதில்லை. இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். விடிகாலையில் 22 டிகிரியில் இருக்கும் ஷீட், சித்திரை வெயிலில் 70 டிகிரி வரை போகும். 15 மீட்டர் ஷீட் என்றால் தினமும் எட்டு ஒன்பது மி.மீ. நீண்டு சுருங்குகிறது. ஸ்க்ரூ விட்டுக்கொடுக்காது. அதனால் துளை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்தில் கிழிகிறது. கிழிசல் வாஷரின் விளிம்பைத் தாண்டிய நாளில் தண்ணீர் உள்ளே வருகிறது. ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கி வாஷர் பிதுங்கியிருந்தால் அந்த நாள் இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

கிளிப் கூரையில் ஸ்க்ரூ பர்லினோடு கிளிப்பைப் பிடிக்கிறது. ஷீட்டின் மேட்டுக்குள் கிளிப் மறைந்துகொள்கிறது. கிளிப் ஷீட் வகையில் மேட்டைக் காலால் அழுத்தினால் கிளிப்பில் பூட்டிக்கொள்ளும், வெயிலில் அதன் மேல் வழுக்கி நகரும். ஸ்டாண்டிங் சீமில் கிளிப் இரண்டு துண்டாக இருக்கும். அடித்துண்டு பர்லினோடு நிற்க, மேல்துண்டு ஷீட்டின் மடிப்புக்குள் சுருண்டு அதனோடு சேர்ந்து நகரும். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டு: துளையில்லாத முகம், ஷீட் தாராளமாக நீளுவதற்கான இடம்.

நம்பக்கூடாத பாதி ஓரங்களில் இருக்கிறது. கிளிப் ஷீட் போட்ட பிறகு ஒழுகல் ஷீட்டின் நடுவை விட்டு முகட்டுக்கும் கட்டருக்கும் (கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய்) வென்டிலேட்டர் ஓட்டைக்கும் இடம் மாறுகிறது. முகட்டுக்கு அடியில் ஒவ்வொரு பள்ளத்தின் நுனியையும் அதற்கென்று உள்ள கருவியால் மேல்நோக்கி மடித்து நிறுத்த வேண்டும். காற்று தள்ளும் தண்ணீர் அங்கேயே திரும்பிவிடும். கட்டர் பக்கம் நுனியைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் சன்னமான மழையில் தண்ணீர் ஷீட்டின் அடிமுகத்தைப் பற்றிக்கொண்டு சுவருக்குள் திரும்பும். இரண்டும் ஒரு பள்ளத்துக்கு அரை நிமிட வேலை. செலவே இல்லாத இந்த வேலையைத்தான் அவசரத்தில் முதலில் விடுகிறார்கள். டர்போ வென்டிலேட்டருக்காக ஷீட்டின் நடுவில் பத்து இடத்தில் வெட்டுவதற்குப் பதில், முகட்டோடு ஓடும் ரிட்ஜ் வென்டிலேட்டர் வையுங்கள். துணிக்கு மேலே ஓட்டை இருக்கவே கூடாது.

கேள்வி: வர்தா புயலில் எங்கள் கிடங்கின் ஷீட் பாதி பறந்துவிட்டது. திரும்பப் போடும்போது கிளிப் ஷீட் போடச் சொல்கிறார்கள். ஸ்க்ரூ அடித்ததே நிற்கவில்லை, சும்மா அழுத்திப் பூட்டியது நிற்குமா? (வாசகர், பொன்னேரி)

உங்கள் பயம் நியாயமானது. வர்தா சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12-இல். அதைப்போல இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

காற்றுச் சுமைக்கு நம் நாட்டில் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பாகம். 2015-இல் திருத்தப்பட்ட பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். அதில் சென்னைக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39. வித்தியாசம் கால்வாசிதானே என்று தோன்றும். ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 39-க்குச் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன், 50-க்கு 1,500. போதாததற்கு, கடற்கரையிலிருந்து 60 கி.மீ.-க்குள் இருக்கும் தொழிற்கூடங்களுக்கு வேகத்தை 1.15 மடங்கு ஆக்கச் சொல்கிறது அந்தப் பதிப்பு. அப்படிப் பார்த்தால் 1,984 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ.

இது கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. வாட்டம் குறைந்த கூரையின் நடுப்பகுதியில் வெளி உறிஞ்சலுக்கு 0.9, கதவு ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து தள்ளும் காற்றுக்கு 0.5 என்று வைத்தால் 1.4 மடங்கு: சதுர மீட்டருக்கு 280 கிலோ. விளிம்பிலும் மூலையிலும் வெளி உறிஞ்சல் மட்டுமே 2 வரை போகலாம். உள்காற்றின் 0.5-ஐயும் சேர்த்தால் அங்கே 500 கிலோ. இப்போது ஒரு கிளிப்பைப் பாருங்கள். ஷீட்டின் கவர் அரை மீட்டர், பர்லின் இடைவெளி 1.5 மீட்டர் என்றால் ஒரு கிளிப் தாங்குவது முக்கால் சதுர மீட்டர். நடுவில் 210 கிலோ, மூலையில் 375 கிலோ. மூலையில் பர்லினை 75 செ.மீ.-க்கு ஒன்றாக நெருக்கினால் அந்தக் கிளிப்பின் பங்கு 190 கிலோவுக்கு இறங்கி, நடுப்பகுதியோடு சமமாகிவிடுகிறது. விளிம்பில் பர்லினை நெருக்கச் சொல்வது இதனால்தான். இது தோராயக் கணக்கு. உங்கள் கட்டடத்தின் உயரம், திறப்புகள், சுற்றுப்புறத்தை வைத்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சரியாகப் போட்டுத் தரவேண்டும்.

கிளிப் கூரை பறக்கும்போது ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருவது மட்டும் நடப்பதில்லை. உறிஞ்சலில் ஷீட்டின் பள்ளம் மேல்நோக்கி வளைகிறது, மேடு வாய் திறக்கிறது, கிளிப்பை விட்டு வழுக்குகிறது. ஒரு கிளிப் விட்டால் அதன் சுமை பக்கத்துக் கிளிப்பின் தலையில் விழும். பிறகு ஜிப் கழல்வதுபோல வரிசையாகப் போகும். இதைக் காகிதக் கணக்கில் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, முழு ஷீட்டைக் காற்றழுத்தத்தில் வைத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஏ.எஸ்.டி.எம். ஈ1592 என்ற சோதனை இதற்கானது. நீங்கள் வாங்கும் அதே வடிவம், அதே தடிமன், அதே கிளிப், அதே பர்லின் இடைவெளியில் எடுத்த அறிக்கையைக் கேளுங்கள். கடலோரத்தில் அழுத்திப் பூட்டும் வகையைவிட முழுச் சுற்று மடித்த ஸ்டாண்டிங் சீம் மேல். விளிம்புப் பகுதியில் மடிப்பின் மேலேயே இறுக்கும் அலுமினிய கிளாம்ப்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனை அறிக்கை தரமுடியாதவரிடம் கிளிப் ஷீட் வாங்குவதைவிட, ஒழுங்காகக் கணக்குப் போட்டு அடித்த ஸ்க்ரூ ஷீட்டே பொன்னேரிக்குப் பாதுகாப்பு. இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

இன்னொன்றை இன்ஜினியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்க்ரூ ஷீட் பர்லினைப் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ளும். நகரும் கிளிப் உள்ள ஷீட் அப்படிப் பிடிக்காது. பழைய ஷெட்டின் பர்லின்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஷீட்டை மட்டும் மாற்றினால், பர்லின் முறுக்கிக்கொள்ள வழி உண்டு. பர்லின்களைப் பிணைத்துப் பிடிக்கும் சாக் ராடு, பிரேசிங் எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். பர்லின் தடிமனும் முக்கியம். 2 மி.மீ.-க்குப் பதில் 1.6 மி.மீ. பர்லின் வந்தால், ஸ்க்ரூ பிடுங்காமல் தாங்கும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

கேள்வி: மூன்று பேரிடம் கோட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் "0.5 மி.மீ. கலர் கோட்டட் கால்வால்யூம்" என்றே இருக்கிறது, விலை மட்டும் மூன்று விதம். யார் ஏமாற்றுகிறார்கள்? (வாசகர், கோவை)

யாரும் ஏமாற்றாமலேயே இப்படி வரலாம். 0.5 என்பது எதன் தடிமன் என்று மூன்று கோட்டேஷனிலும் எழுதவில்லை. அங்கேதான் எல்லாக் குழப்பமும்.

வெறும் இரும்பின் தடிமன் ஒன்று, அதை பி.எம்.டி. என்பார்கள். அதன்மேல் அலுமினிய-துத்தநாகப் பூச்சு (கால்வால்யூம் என்பது இதுதான்) சேர்ந்த தடிமன் டி.சி.டி. அதற்கும் மேலே பெயின்ட். சுமையைத் தாங்குவது இரும்பு மட்டுமே. ஏ.இசட்.150 என்ற எடை அளவிலான பூச்சு பக்கத்துக்கு 20 மைக்ரான், இரண்டு பக்கமும் 0.04 மி.மீ. பெயின்ட் மேலே 25, அடியில் பத்துப் பன்னிரண்டு மைக்ரான். ஒருவர் இரும்பே 0.50 என்று தருவார். இன்னொருவரின் 0.50-இல் இரும்பு 0.46. பெயின்டையும் சேர்த்து 0.50 என்பவரிடம் இரும்பு 0.43-க்குக் கிட்டேதான் இருக்கும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மேடு மடிக்காத தட்டைத் துண்டாக, சரியாக 30 செ.மீ.-க்கு 30 செ.மீ. வெட்டித் தரச் சொல்லி, மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள். 370 கிராம் பக்கம் காட்டினால் இரும்பே 0.50. 343 என்றால் பூச்சோடு 0.50. 318 என்றால் பெயின்ட் எல்லாம் சேர்த்து 0.50. முதலுக்கும் கடைசிக்கும் இரும்பில் மட்டும் 15 சதவீத வித்தியாசம். வெட்டிய அளவில் 2 மி.மீ. பிசகினாலும் எடை 2 கிராம் மாறும், ஆகவே அளவு சுத்தமாக இருக்கட்டும்.

தடிமனுக்கு அடுத்து பூச்சின் எடை. ஏ.இசட்.150 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு, அதில் 55 சதவீதம் அலுமினியம், 43.5 துத்தநாகம், 1.5 சிலிக்கான். ஏ.இசட்.70 பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆயுள் வேறு. மூன்றாவது இரும்பின் பலம். அழுத்திப் பூட்டும் வகைக்கு 550 மெகாபாஸ்கல் விறைப்பு பொருந்தும். மடிக்கும் ஸ்டாண்டிங் சீமுக்கு 350-ஐ ஒட்டிய மெதுவான இரும்பு வேண்டும். விறைத்த இரும்பை இறுக்கி மடித்தால் மடிப்பின் முதுகில் மயிரிழை வெடிப்பு விழும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பெயின்டில் சாதாரண பாலியெஸ்டர் சீக்கிரம் வெளுக்கும், சூப்பர் டூரபிள் பாலியெஸ்டர் நிற்கும், பி.வி.டி.எஃப். அதற்கும் மேல்.

கோட்டேஷனை இப்படித் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்: இரும்புத் தடிமன் இவ்வளவு, டி.சி.டி. இவ்வளவு, பூச்சு ஏ.இசட்.150 ஐ.எஸ். 15961-இன்படி, பெயின்ட் ஐ.எஸ். 15965-இன்படி மேலே இவ்வளவு கீழே இவ்வளவு மைக்ரான், பெயின்ட் வகை, இரும்பின் பலம், கிளிப்பின் தடிமனும் பூச்சும், கிளிப்புக்கு எத்தனை ஸ்க்ரூ, ஷீட்டின் கவர் அகலம், விலை கவர் ஆகும் சதுர மீட்டருக்கா ஓடும் மீட்டருக்கா. நல்ல மில்களின் ஷீட்டில் அடிமுகத்தில் தடிமனும் பூச்சும் வரிவரியாக அச்சாகியிருக்கும். சரக்கு இறங்கும்போது அதைப் படித்து, மில் சான்றிதழில் உள்ள காயில் (தகட்டுச் சுருள்) எண்ணோடு ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: லாஜிஸ்டிக்ஸ் கிடங்குக்கு முகட்டிலிருந்து கட்டர் வரை 45 மீட்டர் ஒரே சரிவு. ஸ்டாண்டிங் சீமுக்கு 1 டிகிரி வாட்டம் போதும் என்கிறார் சப்ளையர், 10-க்கு 1 வேண்டும் என்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். (வாசகர், ஒரகடம்)

இருவருக்கும் நடுவில், 20-க்கு 1 வைத்துக்கொள்ளுங்கள்.

10-க்கு 1 என்றால் 45 மீட்டரில் முகடு நாலரை மீட்டர் உயர்கிறது. 20-க்கு 1-இல் இரண்டே கால் மீட்டர். மிச்சமாகும் உயரத்தில் சுவர் ஷீட்டும் இரும்பும் காற்றுச் சுமையும் குறையும். துளையில்லாத கூரைக்கு 10-க்கு 1 அவசியமில்லை.

1 டிகிரி ஏன் வேண்டாம்? 1 டிகிரியில் ஒரு பர்லினிலிருந்து அடுத்த பர்லினுக்கு, அதாவது 1.5 மீட்டரில், தண்ணீர் இறங்குவது 26 மி.மீ. மட்டும். கட்டரை ஒட்டிய கடைசி உறுப்பு விறைப்பானது, தொய்யாது. அதற்கு மேலே உள்ள பர்லின் 7.5 மீட்டர் பேயின் (இரண்டு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதி) நடுவில் சுமையில் 30 மி.மீ. தொய்ந்தால் போதும், அந்த இடத்தில் வாட்டம் தலைகீழாகிவிடும். தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீரின் எடை இன்னும் தொய்ய வைக்கும். 20-க்கு 1 என்றால் அதே தூரத்தில் 75 மி.மீ. இறக்கம், தொய்வைத் தாங்கிக்கொள்ளும். சப்ளையர் சொல்லும் 1 டிகிரி, ஷீட்டின் மடிப்பு தண்ணீரை உள்ளே விடாத எல்லை. உங்கள் இரும்புச் சட்டம் தொய்வதற்கு அவர் பொறுப்பில்லை.

45 மீட்டரை ஒரே ஷீட்டாகப் போடுங்கள். லாரியில் அந்த நீளம் வராது, காயிலையும் மெஷினையும் சைட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே உருட்டி எடுக்க வேண்டும். மெஷினுக்கு முன்னால் குறைந்தது 50 மீட்டர் நேரான, மேடுபள்ளம் இல்லாத இடம் ஒதுக்குங்கள், தூக்கும்போது வளையாமலிருக்க நீண்ட ஸ்ப்ரெடர் (தூக்கும் சட்டம்) வேண்டும். 50 டிகிரி சூட்டு மாற்றத்தில் 45 மீட்டர் ஷீட் 27 மி.மீ. நகரும். எந்த முனை நிலையாகப் பிடிக்கப்படுகிறது, எது நகர்கிறது என்று வரைபடத்தில் எழுதியிருக்க வேண்டும். முகட்டில் பிடித்தால் கட்டர் பக்கம் முழு 27 மி.மீ. போக இடம் வேண்டும். இரண்டு முனையையும் ஸ்க்ரூவால் இறுக்கிவிட்டு "நகரும் கிளிப்" வாங்கியதில் பயனே இல்லை. கிளிப்பின் மேல்துண்டு பொருத்தும்போது சரியாக நடுவில் நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் அந்தப் பக்கம் நகர இடமில்லாமல் கிளிப் கிழியும்.

கட்டர் கணக்கு: 45 மீட்டர் சரிவு, 7.5 மீட்டர் பே, மணிக்கு 100 மி.மீ. மழை என்றால் ஒரு பேயில் மணிக்கு 33,750 லிட்டர், வினாடிக்கு ஒன்பதரை லிட்டர். நம் ஊர் ஐப்பசி மழையில் சில நிமிடங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே கொட்டும். பேக்கு ஒரு டவுன்பைப், கட்டரின் வெளிச்சுவர் உள்சுவரைவிடத் தாழ்வு, இரண்டும் கட்டாயம். அப்போதுதான் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளியே வழியும்.

கேள்வி: கோழிப்பண்ணை ஷெட்டுக்கு இந்த ஷீட் போடலாமா? (வாசகர், நாமக்கல்)

வேண்டாம். எச்சத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து அடிமுகத்தின் அலுமினிய-துத்தநாகப் பூச்சை அரிக்கும். கால்நடை ஷெட்டுகளை ஷீட் உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. கல்நார் இல்லாத ஃபைபர் சிமென்ட் ஷீட் பாருங்கள்.

கேள்வி: மஞ்சள் குடோன், 42 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், நடுவில் முகடு. 0.7 மீட்டர் கவர் உள்ள கிளிப் ஷீட்டுக்கு எவ்வளவு சரக்கு ஆகும்? (வாசகர், ஈரோடு)

உங்கள் நீளம் அதிர்ஷ்டவசமாக 0.7-இன் மடங்கு. 42-ஐ 0.7-ஆல் வகுத்தால் பக்கத்துக்குச் சரியாக 60 ஷீட், மொத்தம் 120. 15-க்கு 1 வாட்டத்தில் 12 மீட்டர் சரிவின் நீளம் 12.03. கட்டருக்குள் 6 செ.மீ. நீட்டி, முகட்டில் 4 செ.மீ. இடம் விட்டால் ஷீட் நீளம் 12.05 மீட்டர். மொத்தம் 1,446 ஓடும் மீட்டர்.

பர்லின் 1.5 மீட்டருக்கு ஒன்று என்றால் 9 வரிசை. கட்டரை ஒட்டிய இடைவெளியிலும் முகட்டை ஒட்டிய இடைவெளியிலும் நடுவில் ஒவ்வொன்று சேர்த்தால் 11. ஷீட்டுக்கு ஒரு கிளிப், கடைசி ஓரத்துக்கு ஒன்று கூட, வரிசைக்கு 61. இரண்டு பக்கமும் 1,342 கிளிப். கிளிப்புக்கு 2 ஸ்க்ரூ என்றால் 2,684, சேதாரம் சேர்த்து 2,850 வாங்குங்கள். முகடு, பக்க ஓரம் ஆகியவற்றை மூடும் தகடான ஃபிளாஷிங்கின் ஸ்க்ரூ இதில் சேராது.

இன்னும் வரைபடக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு: கட்டட நீளத்தைக் கவரின் மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஷீட்டை நீளவாக்கில் கிழித்தால் பூட்டும் மேடு போய்விடும், காற்று அதிகம் உறிஞ்சும் ஓரத்திலேயே பிடிப்பு குறைந்துவிடும்.

கேள்வி: ஷீட் போடும்போது சைட் இன்ஜினியர் எதையெல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்? (வாசகர், ஓசூர்)

சரக்கு வந்த நாளிலிருந்தே. கட்டை வைத்து, ஒரு பக்கம் சரிவாக அடுக்கி மூடுங்கள். அடுக்குக்குள் மழைத் தண்ணீர் புகுந்து காயாமல் கிடந்தால் பூச்சில் கறுப்பும் வெள்ளையுமாகக் கறை பிடிக்கும், பிறகு போகாது. பாதுகாப்பு பிளாஸ்டிக் படலம் இருந்தால் மாட்டுகிற அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் வெந்தால் ஒட்டிக்கொண்டு வராது.

முதல் ஷீட் கட்டருக்குச் செங்கோணமாக நிற்க வேண்டும். 3-4-5 முக்கோணம் போட்டுப் பாருங்கள். காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்முனையிலிருந்து தொடங்கினால், ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம் காற்றுக்கு முதுகு காட்டும். ஐந்து ஷீட்டுக்கு ஒருமுறை முகட்டிலும் கட்டரிலும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஷீட்டுக்கு 2 மி.மீ. விரிந்தால் 60 ஷீட்டில் 12 செ.மீ. விசிறிபோல விரிந்துவிடும், அதைக் கடைசியில் திருத்த முடியாது.

பூட்டுவது கையும் காலும் செய்யும் வேலை. ஒருவர் மேட்டின் மேல், கிளிப்புக்கு நேர் மேலே குதிகாலால் அழுத்த வேண்டும். பூட்டும்போது ஒரு "டக்" சத்தம் வரும், காலுக்கும் தெரியும். பர்லினுக்கு நடுவில் அழுத்தினால் மேடு நசுங்கும், பூட்டாது. பின்னாலேயே இன்னொருவர் ஒவ்வொரு கிளிப்பிலும் விரல் ஓட்டி மேடு முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரட்டும். கண்ணாடிக் கம்பளி விரித்திருந்தால் இது இன்னும் முக்கியம். 50 மி.மீ. கம்பளிக்குச் சாதாரண உயரக் கிளிப் போட்டால், கம்பளி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பூட்ட விடாது. கம்பளியின் தடிமனைச் சொல்லி உயரமான கிளிப் வாங்க வேண்டும். ஸ்டாண்டிங் சீம் என்றால், அன்றைக்கு விரித்ததை அன்றைக்கே மடித்து முடியுங்கள். மடிக்காத ஷீட்டை ராத்திரிக் காற்றுக்கு விட்டுவைக்கக் கூடாது.

பென்சிலால் கோடு போட விடாதீர்கள். கரித்தடம் ஈரத்தில் பூச்சோடு வினைபுரிந்து, அதே கோட்டில் அரிக்கும். மார்க்கர் கொடுங்கள். கிரைண்டரில் வெட்டவும் விடாதீர்கள். பொறி விழுந்த இடமெல்லாம் பெயின்டைச் சுட்டு உள்ளே பதியும், இரண்டு மழையில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். தகட்டை நறுக்கும் நிப்ளரோ கத்திரியோ போதும். துளை போட்ட இரும்புத் தூளைத் தினமும் சாயங்காலம் மென்மையான துடைப்பத்தால் பெருக்க வேண்டும். சிலிக்கான் டியூபைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை, பூச்சைத் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

கேள்வி: புதிதாகப் போட்ட ஸ்டாண்டிங் சீம் கூரையில் சோலார் வைக்க வந்தவர்கள் ட்ரில் போடவேண்டும் என்கிறார்கள். (வாசகர், அவிநாசி)

ட்ரில் கூரைக்கு மேலே ஏறவே கூடாது. மடிப்பைக் கவ்விப் பிடிக்கும் அலுமினிய கிளாம்ப் இருக்கிறது, துளை தேவையில்லை. ஆனால் உங்கள் மடிப்பின் வடிவத்துக்கு அளவான கிளாம்ப் வேண்டும், இறுக்கும் விசையை டார்க் ரெஞ்சில் பார்த்து இறுக்க வேண்டும். உள்ளே கிளிப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே கிளாம்ப் போடாதீர்கள். அங்கே இறுக்கினால் நகரும் துண்டு நின்றுவிடும்.

எடையைவிட உறிஞ்சல்தான் கவலை. பேனலும் சட்டமும் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. ஷெட் வடிவமைக்கும்போதே சொல்லியிருந்தால் பெரிய சுமையில்லை. ஆனால் இரண்டரை சதுர மீட்டர் பேனல் வாங்கும் காற்று நாலே கிளாம்ப் வழியாக இறங்குகிறது. பரவலாக வந்த சுமை சில கிளிப்புகளில் குவிகிறது. ஷீட் சோதனை அறிக்கையை சோலார்காரரின் இன்ஜினியரிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

எர்த்திங்குக்கு வெறும் செம்புப் பட்டையைக் கூரையில் ஓட விடாதீர்கள். செம்பைத் தொட்டு வழியும் மழைத் தண்ணீர் போகிற பாதை முழுக்கப் பூச்சை அரித்துக்கொண்டே போகும். ஜி.ஐ. பட்டையோ, உறை போட்ட கேபிளோ வையுங்கள். பேனலுக்கு அடியில் மழை படாது, பஞ்சும் தூசும் தங்கும். பேனல் கழுவும்போது அடியிலும் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

கேள்வி: உப்புக் கிடங்கு, கடலிலிருந்து அரை கிலோமீட்டர். எந்தப் பூச்சு? (வாசகர், தூத்துக்குடி)

வெளியைவிட உள்முகம்தான் உங்களுக்கு ஆபத்து. மேல்முகத்தை மழை கழுவிவிடும். உள்ளே உப்புத்தூள் படிந்து படிந்து, ஈரக்காற்றில் கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமான மெல்லிய அடிப்பூச்சு போதாது. அடிமுகத்துக்கும் மேல்முகத்தைப் போலவே முழுப் பெயின்ட் கேளுங்கள், இரண்டு பக்கமும் பி.வி.டி.எஃப். ஆக இருந்தால் நல்லது. பூச்சு ஏ.இசட்.150-க்குக் குறையக் கூடாது, 200 கிடைத்தால் அதையே எடுங்கள். கூரைக்கு அடியில் மறைந்திருக்கும் மழைபடாத ஓரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துருவே பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை நேரே ஷீட்டில் அடிக்க வேண்டாம். உப்பு ஈரத்தில் ஸ்க்ரூ நிற்கும், அதைச் சுற்றியுள்ள ஷீட் கரையும். உத்தரவாதத்தில் கடலிலிருந்து எத்தனை மீட்டர், உள்ளே என்ன பொருள் என்று இரண்டையும் எழுதி வாங்காவிட்டால் அந்தக் காகிதம் உங்களுக்கு உதவாது.

கேள்வி: மண்டபத்தின் கிளிப் ஷீட்டில் நடுவில் ஒன்று மட்டும் மரம் விழுந்து நசுங்கிவிட்டது. அதை மட்டும் மாற்ற முடியுமா? (வாசகர், மதுரை)

அழுத்திப் பூட்டும் வகை என்றால் முடியும். நசுங்கிய ஷீட்டின் மேல் ஏறியிருக்கும் பக்கத்து மேட்டை, கட்டர் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளிப்பிலும் நெம்பி மெல்லத் தூக்குங்கள். பிறகு நசுங்கியதன் மறுபக்க மேட்டையும் அதேபோல விடுவித்து உருவி எடுக்கலாம். அவசரப்பட்டு ஒரே இடத்தில் தூக்கினால் நல்ல ஷீட்டும் மடங்கும். கிளிப் வளைந்திருந்தால் நிமிர்த்தாமல் புதிது போடுங்கள். முழுச் சுற்று மடித்த ஸ்டாண்டிங் சீம் என்றால் உள்ளூர் ஆட்களிடம் விடாதீர்கள், மடித்த நிறுவனத்தின் ஆட்களே பிரித்து மாற்ற வேண்டும். எந்த வகையானாலும், கூரை போடும்போதே அதே காயிலில் இரண்டு ஷீட் கூடுதலாக உருட்டி, மழைபடாத இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பத்து வருஷம் கழித்து அதே வடிவமும் நிறமும் கிடைக்காமல் போகலாம்.